தண்ணீரின் மேல் போட்ட பழி

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எந்த வீட்டுக் கெட்டிலைத் திறந்தாலும் அடியில் வெள்ளைப் படிவு தெரியும். லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம். பிள்ளையின் முழங்கை மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா) வந்து இரவெல்லாம் சொறிந்தால், "லண்டன் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை" என்று பழியைத் தூக்கித் தண்ணீர்மேல் போட்டுவிடுகிறோம்.

அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. கடினநீர்ப் பகுதி ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளிடம் எக்ஸிமா கூடுதலாக இருப்பதை 1998-ல் நாட்டிங்ஹாம் ஆய்வு காட்டியது. ஆனால், வந்த நோயை நீரை மாற்றித் தணிக்க முடியுமா? கடினநீர்ப் பகுதிகளில் வாழும் 336 பிள்ளைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011-ல் வெளியானது. ஒரு பாதியினர் வீடுகளில் நீரை மென்மையாக்கும் கருவியை 12 வாரம் பொருத்தினார்கள். கருவி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நோயின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குளியல் நீரில் ஊற்றும் எண்ணெய் மருந்தாலும் கூடுதல் பயனில்லை என்று 2018-ல் தெரிந்தது. கருவிக்கு எடுத்துவைத்த பணம் மிச்சம்.

கோளாறு பெரும்பாலும் தோலின் தடுப்புச் சுவரில் இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதானால் ஈரம் வெளியேறும், எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே புகும். பக்கத்து டவர் ஹாம்லெட்ஸின் வங்காளதேசக் குடும்பங்களிலும் இந்தப் பழுதுகள் பல கண்டறியப்பட்டிருக்கின்றன.

எனவே முதல் சிகிச்சை ஈரப்பூச்சு. லோஷனா, கிரீமா, ஜெல்லா, ஆயின்மென்டா? 550 பிள்ளைகளிடம் ஒப்பிட்டு 2022-ல் வந்த பதில்: எல்லாம் ஒன்றுதான். பிள்ளை முகம் சுளிக்காமல் பூசவிடுவதை வாங்குங்கள். (பூச்சு ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும்; கற்பூரத் தட்டருகே கவனம்.)

வீக்கத்தை அடக்குவது ஸ்டீராய்டு கிரீம். அதன் பெயரைக் கேட்டாலே பயந்து, பொட்டு வைப்பதுபோலத் தொட்டுவிட்டு "வேலை செய்யேல்லை" என்பவர்கள் உண்டு. பெரியவர் விரல்நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது காணும். ஆறியபின் நிற்கும் கருந்தழும்புக்குக் கிரீமைத் திட்டுவதும் தவறு. பெரும்பாலும் அது வீக்கம் விட்டுப்போன கறை. மருத்துவர் சீட்டில்லாமல் ஊரிலிருந்து வரும் கடும் ஸ்டீராய்டுக் கலவைகள் வேறு கதை. அவை தோலை மெலியவைக்கும். 2018-ல் இந்திய அரசே அத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் கட்டுப்பாட்டை இறுக்கியது.

ஈரப்பூச்சுக்கும் ஸ்டீராய்டு கிரீமுக்கும் அடங்காத கடும் நோய்க்கு மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள். அதற்கும் மேலே டுபிலுமாப் ஊசி, பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று. அரிப்பைக் கிளப்பும் இரண்டு சமிக்ஞைகளை அது மறிக்கிறது. சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். 2018-ல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ சேவையில் அதைப் பெரியவர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. 16 வாரத்தில் பலன் போதாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பலனை அளக்கும் மதிப்பெண்ணில் தோலின் சிவப்பும் ஒரு கணக்கு. நம் தோலிலோ வீக்கம் கரும்பழுப்பாக, ஊதாவாக, சாம்பலாகத்தான் தெரியும். சிவப்பைத் தேடும் கண்ணுக்குக் கடும் நோயும் லேசாகப்படும். தோல் நிறத்தைக் கருதி மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அந்த அனுமதி ஆவணமே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது இதை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.