இடமறியும் கல்வி: டேராடூனில் புவித்தகவல் மேற்படிப்பு

கள ஊழியர் ஒருவர் பழைய சர்வே தேசப்படம் ஒன்றைக் கையில் ஏந்தி, ஒரு கிணற்றின் அருகே நிற்பதாகக் கொள்வோம். அவரிடமுள்ள ஜி.பி.எஸ். கருவி அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் காட்டுகிறது. அவ்வெண்களை அப்படியே படத்தில் குறித்தால் புள்ளி கிணற்றின்மேல் விழுவதில்லை. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் விலகி, யாரோ ஒருவருடைய வயலில் விழுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 50 மீட்டர் என்ற அளவில் வரையப்பட்ட படமாதலின், தரையில் அவ்விலகல் நூறு மீட்டருக்கும் மேற்பட்டதாகும். கருவி பழுதுற்றதன்று, படமும் பிழையானதன்று. பூமியின் வடிவத்தை இரண்டும் வெவ்வேறாகக் கொண்டு கணக்கிட்டிருப்பதே இவ்விலகலுக்குக் காரணம்.

பூமி துருவங்களில் சற்றே தட்டையான உருண்டை என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், அது எவ்வளவு பெரியது, எவ்வளவு தட்டையானது என்பவற்றை அளந்தே அறியவேண்டும். 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளந்து, பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி, 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றப்படுகையில் மோதிச் சிதைந்தது. அவரே பல வாரங்கள் உழைத்து அதைச் செப்பனிட்டார். லாம்டனுக்குப் பின் அப்பணியை வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்ற ஜார்ஜ் எவரெஸ்ட், அவ்வளவைகளிலிருந்து 1830-இல் பூமிக்கு ஒரு வடிவத்தைக் கணித்தார். அதில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,276 மீட்டர். செயற்கைக் கோள்களின் துணையால் 1984-இல் வகுக்கப்பட்டு, ஜி.பி.எஸ். கருவிகள் பின்பற்றும் உலக அளவை முறையிலோ அது 6,378,137 மீட்டர். முன்னது இந்திய நிலப்பரப்போடு நன்கு பொருந்துமாறு, மத்தியப் பிரதேசத்திலுள்ள கலியான்பூரை ஆதாரமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. பின்னதன் மையமோ பூமியின் நிறை மையத்தோடு பொருந்துவது. ஆதலால் ஒரே கிணற்றுக்கு இரண்டு முகவரிகள் உண்டாகின்றன. 2005-ஆம் ஆண்டின் தேசியத் தேசப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் படங்கள் உலக அளவை முறையையே தழுவியுள்ளன. எனினும் அலுவலகங்களின் அலமாரிகளில் பழைய படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றிலிருந்து படியெடுத்த எல்லைக்கோடுகள் கணிப்பொறிகளிலும் புகுந்துள்ளன.

இத்தகைய முரணைக் கண்டறிந்து தீர்க்கும் பயிற்சியே புவியியல் தகவல் அமைப்பு என்னும் மேற்படிப்பின் உயிர்நாடி எனலாம். கணிப்பொறியில் வண்ணப்படம் வரையக் கற்பதே இக்கல்வி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. படம் வரையும் வித்தையைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். வரைந்த படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லக் கற்பதற்கே ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

இக்கல்விக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக நிலைக்களனாக இருந்துவருவது டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். நெதர்லாந்து நாட்டின் ஒத்துழைப்போடு, இந்திய சர்வே துறையின் கீழ் 1966-இல் இது தொடங்கப்பட்டபோது இதன் பெயரே வேறு. விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைப் படித்துப் பொருளறியும் கலையே அங்கு கற்பிக்கப்பட்டது. 1970-ஐ ஒட்டிக் கேரளத்தில், வேர் வாடல் நோயுற்ற தென்னைகளை அகச்சிவப்புப் படங்களின் வாயிலாக வானிலிருந்து இனங்காணும் ஆய்வு பிஷாரடியின் தலைமையில் நடைபெற்றது. 1988 மார்ச் மாதத்தில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக் கோள் செலுத்தப்பட்டபின், நாட்டின் படங்களை நாமே எடுக்கும் நிலை உருவாயிற்று. டேராடூன் நிறுவனம் இன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் ஓர் அங்கமாகத் திகழ்கிறது.

ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் இணைப்போடு அங்கு நடத்தப்பெறும் எம்.டெக். படிப்பு ஈராண்டுக் காலம் கொண்டது. வேளாண்மை, காடு, நீர்வளம், நிலவியல், கடல், நகரமைப்பு முதலிய துறைகளில் ஒன்றை மாணவர் சிறப்புப் பாடமாகக் கொள்வர். துறை எதுவாயினும் அடிப்படைகள் பொதுவானவை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும் முறைகள், ஒளிக்கதிர்கள் மண்ணிலும் நீரிலும் இலையிலும் பட்டு மீளும் இயல்பு, புள்ளிவிவர இயல், தகவல்களை அடுக்கடுக்காகச் சேமித்து ஒப்பிடும் வழிகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இறுதியில் ஒவ்வொருவரும் தனி ஆய்வு ஒன்றைச் செய்து முடிக்கவேண்டும்.

இப்பயிற்சி கள நிலைமையில் எவ்வாறு பயன்படும் என்பதற்குச் செயற்கைக் கோள் படமே நல்ல சான்று. அப்படம் சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறமே உண்டு. ஐ.ஆர்.எஸ்.-1ஏயின் முதற் கருவியில் கட்டத்தின் பக்கம் 72.5 மீட்டர்; அதாவது ஒரு கட்டம் தரையில் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்கும் மேற்பட்டது. அரை ஏக்கர் நெல்லும், பக்கத்தில் கரும்பும், இடையே ஒரு வாய்க்காலும் அதற்குள் அடங்கினால், மூன்றும் கலந்த ஒரு நிறமே பதிவாகும். அது நெல்லும் அன்று, கரும்பும் அன்று. 1995-இல் சென்ற ஐ.ஆர்.எஸ்.-1சியின் ஒரு கருவியில் பக்கம் 23.5 மீட்டராகக் குறைந்தது. பரப்பு பதினான்கு சென்டுக்குச் சற்றுக் குறைவு. முன்னேற்றம் பெரிதுதான். எனினும் வரப்போரத்துக் கட்டங்களில் கலப்பு நீடிக்கவே செய்கிறது. இக்கலப்பைக் கணக்கில் கொள்ளாது பயிர்ப் பரப்பைக் கூறுபவரின் எண்ணிக்கையில் சிறு நிலங்களே முதலில் மறைந்துபோகும். சிறு நிலத்துக்கு உரியவரே நிவாரணத்தை நம்பி நிற்பவர்.

எல்லைக்கோடும் இவ்வாறே. மேற்கூறிய படத்தில் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 12.5 மீட்டரை மறைக்கிறது. கணிப்பொறித் திரையில் படத்தைப் பெரிதாக்கினால் கோடு மெல்லியதாகவே தோன்றும். அதன் துல்லியம் கடுகளவும் கூடுவதில்லை. காட்டின் எல்லை ஒரு குடியானவரின் வீட்டுக்கு இப்புறமா அப்புறமா என்பதை இக்கோட்டைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. அளவைக் கருவியோடு அங்குச் சென்றே தீரவேண்டும்.

படத்தைச் சோதிக்கும் முறையிலும் ஓர் ஏமாற்றம் ஒளிந்துள்ளது. தரையில் நூறு இடங்களைப் பார்வையிட்டதாகக் கொள்வோம்: 85 மேட்டு நிலம், 10 நெல்வயல், 5 குளம். படம் ஐந்து குளங்களையும் நெல்வயல் என்று காட்டி, ஏனைய யாவற்றையும் சரியாகக் காட்டினால், அதன் துல்லியம் நூற்றுக்கு 95 என்று அறிக்கையில் எழுதப்படும். ஆயினும் குளங்களைத் தேடுபவருக்கு அப்படம் சிறிதும் பயனற்றது. ஆகையால் மொத்த விகிதத்தோடு நில்லாமல், எந்த வகை எந்த வகையாகத் தவறாக எண்ணப்பட்டது என்று காட்டும் பிழை அட்டவணையையும் மாணவர் தயாரிக்கின்றனர். இந்நூறு இடங்களையும் வெயிலில் நடந்து பார்த்து எழுதித் தருபவர் பெரும்பாலும் கள ஊழியரே. அவரது குறிப்பு வழுவினால் மேலே எழும்பும் கணக்கு முழுவதும் வழுவும். இவ்வுழைப்பு அறிக்கைகளில் உரிய அளவுக்குக் குறிப்பிடப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

பொறியியல் பட்டதாரிகளேயன்றி, நிலவியல், பூகோளம், தாவரவியல், வேளாண்மை முதலிய பாடங்களில் தேறியவர்களும் இத்துறையில் நுழைய வாய்ப்புண்டு. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் 2022 முதல் புவியளவைப் பொறியியல் தனித்தாளாக இடம்பெறுகிறது. சென்னையில் 1794-இல் சர்வே பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும், அண்ணா பல்கலைக் கழகத்தின் கீழ், தொலையுணர்வுப் பாடம் மேற்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. டேராடூன் செல்ல இயலாதோருக்கு அந்நிறுவனம் 2007 முதல் தொலைவழிப் பயிற்சியும் அளித்துவருகிறது. கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற செயல்நிரல்கள் விலையின்றிக் கிடைப்பதால் பள்ளிகளிலும் இதனைத் தொடங்கலாம்.

தொடக்கப் பயிற்சிக்குக் கைப்பேசி ஒன்றே போதும். பள்ளிக் கொடிமரத்தின் அடியில் நின்று, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் மூன்று நாட்கள் அவ்விடத்தின் எண்களை மாணவர்கள் குறித்துக்கொள்ளட்டும். கட்டம் போட்ட தாளில் அவ்வொன்பது புள்ளிகளையும் இட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் சில மீட்டர் பரப்பில் சிதறியிருக்கக் காண்பர். ஒரு புறம் உயர்ந்த கட்டடமோ அடர்ந்த மரமோ இருப்பின் சிதறல் இன்னும் கூடும். திறந்த மைதானத்தில் அதே பயிற்சியைச் செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.