இடது காலின் சுமை

நெரிசல் மிகுந்த சாலையில் பேருந்து நின்று நின்று நகரும்போது பயணிகளுக்குத் தெரிவது காலதாமதம் மட்டுமே. ஒவ்வொரு நகர்வுக்கும் ஓட்டுநரின் இடது கால் கிளட்ச்சை மிதித்தாக வேண்டும் என்பது நம் கவனத்துக்கு வருவதில்லை. நிமிடத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 15 கிலோ எடைக்கு நிகரான விசை என்று கொண்டால்கூட, 8 மணி நேரப் பணியில் அந்தக் கால் 1,440 முறை மிதிக்கிறது; மொத்தச் சுமை 21 டன்னைத் தாண்டுகிறது.

இவ்வளவு விசை எதற்கு? என்ஜினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்தும் கிளட்ச் தட்டை வலுவான ஸ்பிரிங் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. கியர் மாற்றும்போது அந்தப் பிடியைக் காலால் விலக்க வேண்டும். என்ஜினின் திறன் கூடக்கூடப் பிடியும் இறுக வேண்டியிருப்பதால், கனரக வாகனங்களில் மிதி கடினமாகிறது. தட்டு தேயும்போது அது மேலும் கடினமாகும்.

இதனைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நெம்புகோல் தத்துவமும் திரவ அழுத்தமும். இவை விசையைக் குறைக்கும். ஆனால், மிதிக்க வேண்டிய தூரத்தைக் கூட்டிவிடும். காலின் எட்டு தூரமே இதற்கு எல்லை.

இரண்டாவது, மிதியோடு இணைக்கப்படும் துணை ஸ்பிரிங். மிதி குறிப்பிட்ட நிலையைக் கடந்ததும் அது காலோடு சேர்ந்து தள்ளத் தொடங்கும். கால் மேலெழும்போது கிளட்ச் திருப்பித் தரும் ஆற்றலில் ஒரு பகுதியைச் சேமித்து, அடுத்த மிதிப்பில் வழங்குவதே அதன் பணி. இதற்கு எரிபொருள் தேவையில்லை.

மூன்றாவது, காற்றழுத்த பூஸ்டர். கனரக வாகனங்களில் பிரேக்குக்காக ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்று இருப்பதால், அதையே கிளட்ச்சுக்கும் பயன்படுத்தலாம். காற்று குறைந்தால் மிதி கனக்கும். எனினும், பொதுவாகக் கிளட்ச் செயல்படும்.

தொழில்நுட்பம் இருந்தும் அது எல்லா வாகனங்களிலும் ஒரே அளவில் பயன்படாததற்குக் காரணம் பொருளாதாரத்தில் இருக்கிறது. துணைக் கருவியின் விலை வாங்குபவரின் கணக்கில் ஏறுகிறது. மூட்டுவலியின் செலவோ ஓட்டுநரின் குடும்பக் கணக்கில் ஏறுகிறது. உற்பத்தியாளர் ஏற்காமல் தொழிலாளர் மீதும் சமூகத்தின் மீதும் விழும் இத்தகைய சுமைகளைத்தான், 1950-இல் வெளியான தமது நூலில் கார்ல் வில்லியம் கேப் 'சமூகச் செலவுகள்' என்று விளக்கினார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பணி நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி என வரையறுத்தது. ஆனால், அந்த 8 மணி நேரத்தில் உடல் ஏற்கும் சுமையை நேரக் கணக்கு மட்டும் காட்டிவிடாது.

மின்சாரப் பேருந்துகளில் கிளட்ச் மிதியே இல்லை; எனவே, இச்சிக்கல் தானாக மறையும் என்று வாதிடலாம். ஆனால், இன்று வாங்கப்படும் டீசல் பேருந்து இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆகவே, பேருந்துக் கொள்முதல் ஒப்பந்தங்களில் இருக்கைகளின் எண்ணிக்கை, எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றோடு, மிதிக்கத் தேவைப்படும் விசைக்கும் உச்சவரம்பு இடம்பெற வேண்டும். புதிய வாகனத்தில் மட்டுமன்றி, கிளட்ச் தேய்ந்த நிலையிலும் அந்த வரம்பு பொருந்த வேண்டும். பணிமனைகளில் அதை அவ்வப்போது அளக்க, எளிய விசைமானி ஒன்றே போதும்.