50 வெள்ளி டிக்கெட்டின் கணக்கு: விமான நிறுவனம் சாய்ந்தால் நம் பணம் எங்கே போகிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023ஆம் ஆண்டு அக்டோபர் 12, வியாழக்கிழமை. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அன்று அதிகாலையில் ‘மைஏர்லைன்’ என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் தன் சேவை முழுவதையும் நிறுத்துவதாக அறிவித்தது. காலை 6 மணி முதல் விமானம் இல்லை, பயணிகள் விமான நிலையத்திற்கு வர வேண்டாம் என்றது அந்த அறிவிப்பு. காரணம், கடுமையான நிதி நெருக்கடி. அந்த நிறுவனத்தின் முதல் விமானம் பறந்தது 2022 டிசம்பர் 1ஆம் தேதி. ஓர் ஆண்டுகூட நிறையவில்லை.

ஏறக்குறைய 125,000 பயணிகள் முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தார்கள், அவற்றின் மதிப்பு சுமார் 20 மில்லியன் வெள்ளி என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் தெரிவித்தார். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 160 வெள்ளி. தனி ஆளுக்கு இது தாங்கக்கூடிய இழப்பாக இருக்கலாம். கூச்சிங்கிலோ கோத்தா கினபாலுவிலோ வேலை செய்துகொண்டு, தீபாவளிக்கு வீடு திரும்ப நாலு பேருக்கு டிக்கெட் எடுத்த குடும்பத்திற்கு அது 640 வெள்ளி. அதற்கு மேல், புதிதாக வேறு டிக்கெட்டும் எடுக்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் சலுகைக் கட்டணம் அறிவித்தன, உண்மைதான். சலுகை என்றாலும் அது இரண்டாவது முறை கட்டும் பணம்தானே!

நிறுவனத்தின் பின்னணியில் இருந்தவர்கள் பற்றி நடந்த காவல்துறை விசாரணைக்குள் நான் போகப் போவதில்லை. அது தனிக் கதை. நான் பேச வந்தது, “இவ்வளவு பேர் டிக்கெட் வாங்கினார்களே, பிறகு எப்படி நஷ்டம் வந்தது? எங்கள் பணம் எங்கே?” என்று பலரும் கேட்கும் கேள்வியைப் பற்றித்தான்.

எரிபொருளுக்கே போதாத கட்டணம்

மைஏர்லைன் பயன்படுத்தியது ஏர்பஸ் ஏ320 ரக விமானம். சுமார் 180 இருக்கைகள். இந்த ரக விமானம் ஒரு மணி நேரம் பறக்க ஏறத்தாழ இரண்டரை டன் எரிபொருள் வேண்டும். அது சுமார் 3,100 லிட்டர், அதாவது 20 பீப்பாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு பீப்பாய் விமான எரிபொருள் 100 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். (2023 அக்டோபரில் விலை அதைவிடக் கூடுதலாகவே இருந்தது.) ஒரு டாலருக்கு 4 வெள்ளி 70 காசு என்று கணக்கிட்டால், ஒரு மணி நேரப் பயணத்திற்கு எரிபொருள் செலவு மட்டும் 9,000 வெள்ளியைத் தாண்டுகிறது.

ஓர் இருக்கைகூடக் காலி இல்லாமல் 180 பேர் ஏறினால் ஆளுக்கு 51 வெள்ளி. 150 பேர்தான் ஏறினார்கள் என்றால் ஆளுக்கு 61 வெள்ளி. நாம் ஆசையோடு வாங்கும் 50 வெள்ளி டிக்கெட் எரிபொருளுக்கே போதவில்லை! அந்த 50 வெள்ளிக்குள் விமான நிலையக் கட்டணமும் அடங்கியிருந்தால், அந்தப் பங்கு நிறுவனத்தைச் சேராது. விமானத்தின் வாடகை, பராமரிப்பு, விமானியின் சம்பளம், காப்புறுதி ஆகியவற்றை நான் இன்னும் தொடவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். உள்நாட்டுப் பயணி கட்டுவது ரிங்கிட். விமான வாடகை, உதிரிபாகம், எரிபொருள் விலை எல்லாம் டாலரில். ரிங்கிட் மதிப்பு சரிந்தால், நிறுவனம் எந்தத் தவறும் செய்யாமலேயே அதன் செலவு ஏறிவிடும்.

அப்படியானால் ஏன் அவ்வளவு குறைவாக விற்கிறார்கள்? பாசார் மாலாமில் கீரை விற்பவரைப் பாருங்கள். கடை கட்டும் நேரத்தில்தான் விலையைக் குறைப்பார். விமான நிறுவனம் தலைகீழாகச் செய்கிறது. ஆறு மாதத்திற்கு முன்னால் மலிவாக விற்கும். கடைசி நேரத்தில் வருபவரிடம் மூன்று மடங்கு வாங்கும். அவசரமாகப் போக வேண்டியவர், பெட்டிக்கும் இருக்கைக்கும் உணவுக்கும் தனியாகப் பணம் கட்டுபவர், இவர்களிடம் கிடைக்கும் கூடுதல் வருமானம் மலிவு டிக்கெட்டின் நஷ்டத்தைச் சரிக்கட்டும். நன்றாக நடக்கும் நிறுவனத்தில் இந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. அதனால்தான் ஏர்ஏசியா போன்ற நிறுவனம் வளர்ந்தது. 2001இல் 40 மில்லியன் வெள்ளி கடனோடு ஒரு வெள்ளிக்குக் கைமாறிய நிறுவனம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் மலிவாக முன்கூட்டியே விற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணம் மார்ச் மாதம், பணம் அக்டோபரிலேயே கைக்கு வந்துவிடுகிறது. வட்டி இல்லை, பிணை இல்லை. வங்கியில் இப்படி ஒரு கடன் யாருக்காவது கிடைக்குமா? நாம்தான் கொடுக்கிறோம், கடன் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே!

நிறுவனம் வளரும்வரை இது தவறாகத் தெரியாது. நேற்றைய பயணியின் விமானத்திற்கு இன்றைய பயணியின் பணத்தில் எரிபொருள் நிரப்பலாம். விற்பனை தொய்ந்தால்தான் சிக்கல். அப்போது ‘மெகா விற்பனை’ அறிவிப்பார்கள், இன்னும் மலிவாக. அந்தப் பணத்தில் சில வாரம் ஓடும். செய்தி கசிந்ததும் எரிபொருள் விற்பவர் ரொக்கம் கேட்பார். விமானத்தை வாடகைக்கு விட்டவர் கூடுதல் வைப்புத்தொகை கேட்பார். கடன் அட்டைப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் வங்கி, பயணம் முடியும்வரை பணத்தைத் தர முடியாது என்று பிடித்துவைக்கும். இப்படி எல்லாப் பக்கமும் ஒரே வாரத்தில் இறுகும். மைஏர்லைன் ஊழியர்களுக்குச் செப்டம்பர் மாதச் சம்பளமே தாமதமானது. அறிவிப்பு வந்தது அக்டோபர் நடுவில்.

சிறிய நிறுவனத்திற்கு இந்த இறுக்கம் இன்னும் சீக்கிரம் வரும். ஏர்ஏசியா குழுமத்தில் 200க்கும் மேற்பட்ட விமானங்கள். மைஏர்லைனின் விமானங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒன்று பழுதாகி நின்றாலே அன்றைய அட்டவணை குலைந்துவிடும். அதே வழித்தடத்தில் பெரிய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தால் சிறியதும் குறைத்தே ஆக வேண்டும். இந்த நிலையில் 2023 நடுவில் பாங்காக்கிற்கும் பறக்கத் தொடங்கினார்கள். அது துணிச்சல் என்பார்கள் சிலர். கையில் பணம் இல்லாத வீட்டில் இன்னொரு மாடி கட்டுவது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

படம் முடிந்த பிறகு

‘சூரரைப் போற்று’ படத்தைப் பார்த்து நம்மில் பலர் கண் கலங்கியிருப்போம். அந்தப் படத்திற்கு ஆதாரமானவர் கர்நாடகத்தைச் சேர்ந்த கேப்டன் கோபிநாத். அவர் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான் நிறுவனம், ஒரு ரூபாய் டிக்கெட்டைக்கூட விற்றது. விமானத்தை அண்ணாந்து பார்த்த மக்களை விமானத்தில் ஏற்றியது. அதில் பொய் இல்லை.

படம் காட்டாத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. பயணிகள் கூடக்கூட நஷ்டமும் கூடியது. 2007இல் விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் குழுமம் ஏர் டெக்கானின் பங்குகளை வாங்கியது. இந்திய நிறுவனம் வெளிநாட்டிற்குப் பறக்க வேண்டுமானால் உள்நாட்டில் 5 ஆண்டு பறந்திருக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. 2003இல் தொடங்கிய ஏர் டெக்கானுக்கு அந்தத் தகுதி முதலில் வரும் என்பதும் அதை வாங்கியதற்கு ஒரு காரணம். மலிவுச் சேவை ‘கிங்ஃபிஷர் ரெட்’ என்று பெயர் மாறியது. 2011இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே தரையிறங்கியது. சம்பளம் வராத ஊழியர்கள் தெருவில் நின்று போராடினார்கள்.

வரிசையில் கடைசி ஆள்

சரி, நிறுவனம் மூடப்பட்டால் சொத்தை விற்றுப் பணத்தைத் தரலாமே என்று கேட்கலாம். எந்தச் சொத்தை? விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை. உரிமையாளர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மிஞ்சுவது அலுவலக மேசை நாற்காலியும் கணினியும் ஒரு பெயர்ப் பலகையும்.

அந்த மிச்சத்திற்கும் வரிசை உண்டு. பிணை பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகள் தங்கள் பிணைச் சொத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு, 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, கலைப்புச் செலவு. அடுத்து ஊழியர் சம்பள நிலுவை. அதற்கும் ஆளுக்கு 15,000 வெள்ளி என்ற வரம்பு உண்டு. ஊழியர் சேமநிதி, வரி ஆகியவையும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. இவர்களுக்கெல்லாம் பின்னால், பிணையில்லாக் கடன்காரர்கள் என்ற கும்பலில் ஒருவராக, பயணி நிற்கிறார்.

கும்பலில் நிற்பவருக்கு என்ன கிடைக்கும்? ஓர் அளவுகோல் சொல்கிறேன். 2021இல் ஏர்ஏசியா எக்ஸ் நிறுவனம் தன் கடன்களை மறுசீரமைத்தபோது, கடன்காரர்கள் ஒப்புக்கொண்ட விகிதம் 0.5 விழுக்காடு. அதாவது 100 வெள்ளிக்கு 50 காசு! பயணிகளுக்கு ரொக்கமாக அல்லாமல், பிற்காலப் பயணத்திற்கான வரவாகக் கொடுத்தார்கள். அதுவும் அந்த நிறுவனம் பிழைத்துப் பறந்ததால். மூடிய நிறுவனத்தின் வரவை எந்த முகப்பில் கொண்டுபோய் நீட்டுவது?

2024 செப்டம்பரில் நம் விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தினார்கள். 5 மணி நேரத்திற்கு மேல் தாமதமானால், கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். நல்ல திருத்தம், வரவேற்கிறேன். ஆனால் அது உயிரோடு இருக்கும் நிறுவனத்திடம் கேட்கும் உரிமை. கஜானா காலியான நிறுவனத்திடம் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூடுவதிலும் இரண்டு விதம் உண்டு. சிங்கப்பூரின் ஜெட்ஸ்டார் ஏசியா 2004 முதல் பறந்தது; பினாங்கிற்கும் கோலாலம்பூருக்கும் வந்துபோனது. அதுவும் நஷ்டத்தில்தான் இருந்தது. சில சேவைகளின் விலை 200 விழுக்காடு வரை ஏறிவிட்டது என்று குவாண்டாஸ் குழுமம் காரணம் சொன்னது. 2025 ஜூன் 11ஆம் தேதி மூடும் முடிவை அறிவித்தார்கள். கடைசி விமானம் பறந்தது ஜூலை 31ஆம் தேதி. இடையில் ஏழு வாரம். ரத்தான பயணங்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். 13 விமானங்களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு மாற்றப்படும் என்றார்கள். 500க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தது வருத்தமான விஷயம். ஆனாலும் பயணி நடுத்தெருவில் நிற்கவில்லை. பின்னால் பணம் உள்ள தாய் நிறுவனம் இருந்தது, கையில் பணம் இருக்கும்போதே மூடினார்கள்.

ஒரு வெள்ளி போதும்

எல்லாருக்கும் பணக்காரத் தாய் நிறுவனம் அமையாது. என் கருத்து, டிக்கெட் பணத்தைக் காக்க ஒரு நிதி வேண்டும். பிரிட்டனில் சுற்றுலாத் தொகுப்பு வாங்குபவர்களுக்கு 1973 முதல் ‘அட்டோல்’ என்ற பாதுகாப்பு இருக்கிறது. அதற்காக ஆளுக்கு இரண்டரை பவுண்டு ஒதுக்குகிறார்கள். தனி விமான டிக்கெட்டை அது பொதுவாகக் காப்பதில்லை என்பது அதன் குறை.

நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2023இல் மலேசிய விமான நிலையங்களைப் பயன்படுத்தியவர்கள் 80 மில்லியனுக்கும் மேல். அதில் பாதி புறப்பாடு என்றால் 40 மில்லியன். புறப்படும் பயணி ஒருவருக்கு ஒரு வெள்ளி வசூலித்தால் ஒரே ஆண்டில் 40 மில்லியன் வெள்ளி சேரும். மைஏர்லைன் பயணிகள் இழந்த தொகையைப் போல இரு மடங்கு! ஒரு வெள்ளி வசூலிப்பது நமக்குப் புதிதும் அல்ல. விமானப் போக்குவரத்து ஆணையத்தை நடத்துவதற்கென்று 2018 மே முதல் ஒரு வெள்ளிக் கட்டணம் வசூலித்தார்கள். அந்த ஆணையம் 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி மலேசிய சிவில் விமான ஆணையத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஒழுங்காக நடக்கும் நிறுவனத்தின் பயணி ஏன் மற்றவனின் தவறுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று இதற்கு எதிர்ப்பு வரும். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான், நிதி நிலைமை மோசமாக உள்ள நிறுவனத்திடம் கூடுதல் தொகை கேட்க வேண்டும் என்கிறேன். அந்தக் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு நிதி வரும்வரை, புதிய நிறுவனம் ஒன்றில் பல மாதத்திற்கு முன்பே டிக்கெட் எடுப்பவர்கள் கடன் அட்டையில் பணம் கட்டுவது நல்லது. சேவை கிடைக்காவிட்டால், அட்டை கொடுத்த வங்கியிடம் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். இணைய வங்கி வழியாக நேரே அனுப்பிய பணத்திற்கு அந்த வழி இல்லை. அட்டைக்கும் காலக்கெடு உண்டு. நிறுவனம் திருப்பித் தரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தால் அதுவும் கடந்துவிடும். பயணக் காப்புறுதி எடுத்தவர்கள், விமான நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பீடு உண்டா என்று பத்திரத்தில் தேடிப் பாருங்கள். பல திட்டங்களில் அது இருக்காது. கலைப்பாளர் நியமிக்கப்பட்டால், அவரிடம் உங்கள் கடனை எழுத்துப்பூர்வமாகப் பதிய வேண்டும். அதற்கு டிக்கெட்டின் நகலும் பணம் கட்டிய ரசீதும் தேவைப்படும்.