தைரொயிட் சுரப்பி: உடலியக்கமும் சமூக நோக்கும்

ஒருவரின் சோர்வையோ பதற்றத்தையோ அவரது பிறவிக்குணமாகக் கொள்வது நம்மிடையே ஆழ வேரூன்றிய வழக்கமாகும். இலக்கியப் பாத்திரங்களின் இயல்புக்குப் புறநிலைக் காரணங்களைத் தேடும் நாம், அன்றாட வாழ்வில் அத்தேடலைக் கைவிட்டு விடுகின்றோம். தைரொயிட் நோய்கள் காலந்தாழ்த்தி இனங்காணப்படுவதற்கு இம்மனப்பாங்கும் ஒரு காரணம் எனலாம்.

கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள இச்சுரப்பி, குருதியிலுள்ள அயடீனைப் பற்றியெடுத்து ஓமோன்களை ஆக்குகின்றது. நான்கு அயடீன் அணுக்களைக் கொண்ட தைரொட்சினே பெருமளவு சுரக்கப்படுவது. இழையங்களில் அதிலிருந்து ஓரணு நீங்க, வீரியம் மிக்க மூவயடோதைரோனின் உருவாகின்றது. உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குடலசைவு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் இவற்றில் தங்கியுள்ளன.

இச்சுரப்பி தனித்து இயங்குவதன்று. மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதி கபச் சுரப்பியைத் தூண்ட, அது தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைச் சுரக்கின்றது. ரி.எஸ்.எச். என ஆய்வுகூட அறிக்கைகளிற் காணப்படுவது இதுவே. குருதியில் தைரொட்சின் மிகுந்தால் இத்தூண்டல் தணியும், குறைந்தால் ஓங்கும். எனவே ரி.எஸ்.எச். உயர்ந்திருப்பது பெரும்பாலும் தைரொயிட்டின் தளர்வையும், தாழ்ந்திருப்பது அதன் மிகையியக்கத்தையும் சுட்டும். கபச் சுரப்பியே பழுதுற்றவிடத்து இவ்விதி பொருந்தாது. ஆதலின் தைரொட்சின் அளவையும் உடன்நோக்குதல் வேண்டும்.

தளர்வுற்றவரிடத்துச் சோர்வு, குளிர் தாங்காமை, உடற்பருமன், மலச்சிக்கல், வறண்ட தோல், கரகரத்த குரல், மாதவிடாய் மிகுதி, மனச்சோர்வு ஆகியன தோன்றும். மிகையியக்கத்திலோ பசியிருந்தும் உடல் மெலியும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வெப்பம் தாங்கவியலாது, சிலரிடத்துக் கண்கள் பிதுங்கும். இவை மெல்ல மெல்லப் புலப்படுவதால் 'சோம்பேறி' என்றும் 'பதற்றக்காரி' என்றும் பெயர் சூட்டுதல் எளிதாகிவிடுகின்றது. இந்நோய்கள் ஆண்களிலும் பெண்களையே மிகுதியாகப் பீடிக்கின்றன என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அயடீன் போதாதவிடத்துத் தூண்டல் இடைவிடாது தொடர்வதாற் சுரப்பி பருத்துக் கண்டக்கழலை உண்டாகும். அயடீன் குன்றிய மண்ணைக் கொண்ட சுவிற்சர்லாந்தின் மலைப்புறங்களில் கழலையும், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றுதலும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. 1922 இல் அங்கு உப்புடன் அயடீன் சேர்க்கத் தொடங்கியபின், விதியெனக் கருதப்பட்ட இந்நிலை படிப்படியாக மறைந்தது. ஈரவலயத்திற் கண்டக்கழலை பரவியிருந்த இலங்கையிலும் 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஏறத்தாழ 150 மைக்குரோகிராம் அயடீனே. அத்துணைச் சிறு பொருளை எல்லோர்க்கும் கிட்டச் செய்தது தனிமனித முயற்சியன்று; சமூகம் கூடி எடுத்த முடிபே.

எனினும் அயடீன் எல்லாவற்றிற்கும் மருந்தன்று. 1912 இல் ஹஷிமோட்டோ என்னும் யப்பானிய மருத்துவர் விவரித்த, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் நோய், அயடீன் போதியளவு கிட்டும் நாடுகளில் தளர்வுக்கு முதன்மைக் காரணமாக உள்ளது. இதற்குத் தைரொட்சின் மாத்திரையே வேண்டும். மிகை அயடீன் தீங்கு பயக்கவுங்கூடும்.

உழைக்கும் பெண்ணொருத்தியின் நீங்காச் சோர்வுக்கு உழைப்பின் கடுமையும் காரணமாகலாம், சுரப்பியின் தளர்வும் காரணமாகலாம். இரண்டையும் ஆராயாது அவளது குணத்தைக் குறைகூறுவது அறிவியல் நோக்கன்று. எளிய குருதிப் பரிசோதனையொன்று அவளுக்குக் கிட்டுமாறு செய்தலே முதற் கடனாகும்.