கொழும்பு: ஒரு பெயர், பல நாவுகள்



ஒட்டுசுட்டான் சந்தியில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வரும் பஸ், மாங்குளம் போய் ஏ-9 வீதியில் ஏறித் தெற்கே போகப் போகிறது. அதன் நெற்றியிலுள்ள பலகையில் ‘கொழும்பு’ என்று தமிழிலும், ‘கொளம்ப’ என்று சிங்களத்திலும், ‘கொலம்போ’ என்று ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை கேட்கிறது: “உம்மா, மூன்றும் ஒரே ஊரா? அப்படியென்றால் எது சரியான பெயர்?”

“எல்லாம் ஒன்றுதான், பேசாமல் ஏறு” என்று சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிடலாம். ஆனால், அதற்குள் எழுநூறு வருட வரலாறு அடங்கியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு பாடமும் அதில் இருக்கிறது. பொறுமையோடு வாசியுங்கள்.

தலைநகர் எது?

முதலில் ஒரு தெளிவு. பாடசாலைப் புத்தகத்தில் இலங்கையின் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அது சரியே. 1982 ஏப்ரலில் புதிய பாராளுமன்றக் கட்டடம் அங்கே திறக்கப்பட்டது. ஆனால் உயர் நீதிமன்றமும் துறைமுகமும் பெரிய வியாபாரமும் இன்றும் கொழும்பிலேயே இருக்கின்றன. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்து தீவு முழுவதும் ஆங்கிலேயர் வசமானபோது, நாட்டின் தலைநகராக இருந்ததும் கொழும்புதான்.

இங்கே ஒரு குழப்பமும் உண்டு. ‘கோட்டே’ என்பது நம் ‘கோட்டை’ என்ற சொல்லோடு உறவுடையது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் அரசாண்ட நகர் அது. ரயிலில் போய் இறங்குகிறோமே கொழும்புக் கோட்டை, அது வேறு. போர்த்துக்கேயர் கடலோரத்தில் கட்டிய கோட்டையால் வந்த பெயர் அது. அந்தக் கோட்டைக்குப் புறத்தே இருந்த கடைத்தெருப் பகுதி புறக்கோட்டை ஆயிற்று. சிங்களத்தில் அதைப் ‘பிட்டகொட்டுவ’ என்பர். அதற்கும் பொருள் கோட்டைக்கு வெளியே என்பதுதான். ஆங்கிலத்திலோ அதே இடம் ‘பெட்டா’. அது நம் ‘பேட்டை’ என்ற சொல்லே! தமிழன் புறக்கோட்டை என்று சொல்லும் இடத்தை வெள்ளைக்காரன் தமிழ்ச் சொல்லாலேயே வேறு விதமாக அழைத்தான் என்பது விந்தை அல்லவா?

இப்னு பதூதா எழுதிய பெயர்

மொரோக்கோ நாட்டின் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த உலகப் பயணி இப்னு பதூதா, 1344இல் (ஹிஜ்ரி 745) மாலைதீவிலிருந்து இத்தீவுக்கு வந்தார். புத்தளத்தில் கரையிறங்கினார். ஆரியச்சக்கரவர்த்தி மன்னரைச் சந்தித்தார். பாவா ஆதம் மலைக்கு ஏறினார். பின்னர் தெற்கே சென்று, காலி வழியாகத் திரும்பும்போது ஒரு துறைமுக நகரைக் கண்டார். ஸரந்தீப் தீவின் மிக அழகான, மிகப் பெரிய நகரங்களுள் ஒன்று என்று அதை வர்ணிக்கிறார். அங்கே கடலை ஆண்ட ஓர் அதிகாரியிடம் ஏறத்தாழ ஐந்நூறு ஹபஷிகள் இருந்தார்கள் என்றும் குறிப்பிடுகிறார்.

அந்த நகரின் பெயரை அவர் ‘கலன்பூ’ என்கிறார். காஃப், லாம், நூன், பா, வாவ் ஆகிய ஐந்து எழுத்துகள். இதை எழுத்துப்படி வாசிப்போர், ‘கொழும்பு எங்கே, கலன்பூ எங்கே?’ என்று வியப்பர். ஆனால், குர்ஆன் ஓதப் பழகிய நம் வீட்டுச் சிறுமிக்கு இதில் வியப்பு இராது. அவள் ‘இக்லாப்’ சட்டம் படித்தவள். சுகூன் உள்ள நூனுக்குப் பின்னால் பா வந்தால், அந்த நூனின் ஓசை மீமாக மாறும். ‘மின் பஃதி’ என்று எழுதியிருப்பதை ‘மிம் பஃதி’ என்றும், ‘அன்பியா’ என்பதை ‘அம்பியா’ என்றும் ஓதுகிறோம் அல்லவா? அதே போல ‘கலன்பூ’ நாவில் ‘கலம்பூ’ ஆகிறது. இப்போது சொல்லிப் பாருங்கள்: கலம்பூ, கொளம்ப, கொழும்பு. தூரம் எவ்வளவு குறைந்துவிட்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்னு பதூதா இங்கிருந்தபோது இதை எழுதவில்லை. பத்து வருடங்களுக்கு மேல் கழித்து, பாஸ் நகரில் நினைவிலிருந்து சொல்ல, இப்னு ஜுஸைய் என்ற அறிஞர் எழுதினார். காதால் கேட்ட பெயர், நினைவில் தங்கி, இன்னொருவர் பேனாவால் எழுத்தாயிற்று. அவ்வளவு கைமாறியும் பெயர் பிழைத்திருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், சீனப் பயணி வாங் தாயுவான் தம் நூலில் இதே துறையைக் ‘காவ்லாங்பு’ என்று எழுதினார். சீன எழுத்துக்குள் எந்த ஓசை அடங்குமோ அந்த ஓசையில் அவர் எழுதினார்.

கொலம்பஸா? மாமரமா?

‘அமெரிக்காவுக்குப் போன கொலம்பஸின் பெயரால்தான் கொழும்பு என்ற பெயர் வந்தது’ என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பொருந்தாது. கொலம்பஸ் பிறந்தது 1451இல். அவர் இத்தீவுக்கு வந்ததும் இல்லை. அவர் பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே இப்னு பதூதா இந்தப் பெயரைக் கேட்டுவிட்டார். 1505இல் வந்து, 1518இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், தம் நாவுக்குப் பழக்கமான வடிவில் அதை ‘கொலம்போ’ ஆக்கிக்கொண்டனர் எனலாம். ஒல்லாந்தர் 1656இல் நகரைப் பிடித்தனர். ஆங்கிலேயர் 1796இல் பிடித்தனர். ஆட்சி மாறியும் அந்த எழுத்து மாறவில்லை.

அப்படியானால் மூலப் பெயர் என்ன? கண்டி மன்னனிடம் ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் ஒரு கதை சொல்கிறார். அங்கே காய்க்காமல் இலை மட்டும் தழைத்த ஒரு மாமரம் நின்றதாம். சிங்களத்தில் ‘கொல’ என்றால் இலை, ‘அம்ப’ என்றால் மா. இரண்டும் சேர்ந்து ‘கொலம்ப’ ஆயிற்றாம். வேறு சிலர், களனி ஆற்றுத் துறை எனப் பொருள்படும் ‘கொலொன் தொட்ட’ என்பதிலிருந்து வந்தது என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிங்கள இலக்கண நூலான சிதத் சங்கராவவில் ‘கொலம்ப’ என்பது ஒரு பழஞ்சொல்லாகக் காட்டப்பட்டுள்ளது. அதற்குத் துறை எனப் பொருள் கொள்வாரும் உளர். மாமரக் கதை கேட்க இனிமையானது. ஆனால், துறைமுகத்தைத் துறை என்றே மக்கள் அழைத்திருப்பார்கள் என்பது அதைவிட எளிமையானது. எப்படியாயினும், பெயர் வெளிநாட்டான் கொண்டு வந்ததல்ல. இந்த மண்ணில் இருந்ததை வந்தவர்கள் கேட்டு எழுதினார்கள் என்பது மட்டும் உறுதி.

ஒவ்வொரு மொழியும் தன் எழுத்தில்

சிங்கள மொழியில் ‘ம்ப’ என்ற ஓசைக்குத் தனியாக ஓர் எழுத்தே உண்டு. ஆகவே ‘கொளம்ப’ என்பதை மூன்றே எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். நமக்கு ‘ழு’, ‘ம்’, ‘பு’ எல்லாம் வேண்டும். எழுத்தில் ‘ழ’ போட்டாலும், பேச்சில் நம்மில் பலர் ‘கொளும்பு’ என்றே சொல்கிறோம். அரபியில் ‘ழ’ இல்லை. அதனாலேயே நம் முன்னோர் அரபுத் தமிழ் எழுதியபோது, அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகள் இட்டுத் தமிழ் ஓசைகளுக்கு வழி செய்தனர். இன்றைய அரபுகளோ ‘கூலூம்பூ’ என்று, ஐரோப்பிய எழுத்தைப் பார்த்து மீம் போட்டே எழுதுகிறார்கள். தம் பயணி எழுதிவைத்த ‘கலன்பூ’ அவர்களின் வழக்கிலிருந்து போய்விட்டது.

இவர்களில் யார் பிழை செய்தார்கள்? எவருமில்லை. ஒவ்வொருவரும் கேட்டதைத் தம்மிடமுள்ள எழுத்தில் எழுதினார்கள்.

தலைநகருக்கு மட்டுமல்ல, நம் ஒட்டுசுட்டானுக்கும் இதுவே நடந்திருக்கிறது. தாள் ஒட்டைச் சுட்ட இடம் என்று இவ்வூர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ‘ட்ட’ என்ற வல்லோசைக்கு அகரவரிசையின் நான்காம் எழுத்தை இரட்டித்துப் போட்டார்கள். அந்த ஆங்கில வடிவைப் பார்த்தே சிங்களத்திலும் எழுத, ‘பண்டம்’ என்பதில் வரும் மெல்லிய ‘ட’ அங்கே குடியேறிவிட்டது. ‘சுட்டான்’ என்ற சொல்லின் சூடு தெரியாத அளவுக்கு அது மாறிவிட்டது. ஆனாலும் பஸ் சரியான இடத்தில்தான் வந்து நிற்கிறது!

நம் பிள்ளைகளின் பெயர்

ஊருக்குப் பல வடிவப் பெயர் இருந்தால் நட்டமில்லை. மனிதருக்கு அப்படியல்ல.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு மாவட்டத்து மக்களும் ஊரை விட்டுப் போனார்கள். வீட்டோடு பத்திரங்களும் போயின. பிள்ளைகள் புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் கொழும்பிலும் பிறந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. ஒரு பிள்ளையின் பிறப்புப் பதிவு ஒரு மொழியில், பாடசாலைப் பதிவு இன்னொரு மொழியில் என்றாயிற்று.

வகுப்பாசிரியனாக அடையாள அட்டை விண்ணப்பங்களைப் பார்த்தபோது நான் கண்ட ஒரு மாணவியைச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஸெய்னப். பாடசாலைப் பதிவேட்டில் ஜெய்னப். கிளினிக் அட்டையில் சைனபு. மூன்றும் அவள்தான். அதை நிரூபிக்க அவளுடைய உம்மா நாட்கூலியை விட்டுவிட்டு மூன்று தடவை அலுவலகம் ஏறி இறங்க வேண்டி வந்தது. சத்தியக் கடதாசி முடிக்கவும் பணம் போயிற்று. எழுதிய மூவரில் எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒவ்வொருவரும் காதில் விழுந்ததை எழுதினார்கள், அவ்வளவுதான்.

நம் மூத்தும்மாமாரில் செயினம்பு என்றும் கதிசா என்றும் பெயருடையோர் இருந்தார்கள். அவை ஸைனபும் கதீஜாவும் தமிழ் நாவில் கொண்ட வடிவங்கள். அவற்றைச் சொல்லிச் சிரிக்காதீர்கள். அன்பு அழைத்த வடிவம் அது. வீட்டில் எப்படியும் கூப்பிடுங்கள். ஆனால் கடதாசியில் ஒரே வடிவம் இருக்கட்டும்.

அதற்குச் சில காரியங்கள் செய்யுங்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்ததும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று தீர்மானித்து ஒரு தாளில் எழுதி, பதிவுக்குப் போகும்போது கையில் கொண்டு போங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, பரீட்சை விண்ணப்பம், நிகாஹ் பதிவு, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் பிறப்புச் சான்றிதழிலுள்ள எழுத்தையே பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே வித்தியாசம் இருந்தால், ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டுக்கோ போகும் நேரம் வரை காத்திராமல், பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவை இப்போதே விசாரியுங்கள்.

மனிதரின் மொழிகள் பலவாக இருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாக சூரத்துர் ரூம் எண்ணுகிறது. ஆகவே பஸ் பலகையைக் காட்டிக் கேட்கும் பிள்ளைக்கு இப்படிச் சொல்லுங்கள்: “மகள், மூன்றும் சரிதான். ஒவ்வொருத்தரும் தங்கள் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உன் பெயரை மட்டும் எங்கும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.”

சொல்லிவிட்டு, இன்றிரவே அலுமாரியைத் திறந்து அவளுடைய சான்றிதழை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.