தோட்டத்தில் ஓர் ஆள் குறையும்போது

முப்பது சென்ட் கொல்லையைக் கணவனும் மனைவியும் பல வருடம் சேர்ந்து பார்த்து வந்தால் வேலை தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். மோட்டார் போடுவது, மடை மாற்றுவது, மரமேறிக்குச் சொல்லி அனுப்புவது, எரு இறக்குவது ஒருவர் பாடு. களை எடுப்பது, விதை சேர்த்து வைப்பது, அவரைக்குப் பந்தல் கட்டுவது, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்குத் திருப்புவது மற்றவர் பாடு. இருவரில் ஒருவர் இறந்துபோனால் மற்றவருக்கு வேலை இரட்டிப்பாகிறது என்றுதான் ஊரும் உறவும் கணக்குப் போடுகின்றன. இரட்டிப்பு வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். துக்கத்தில் கை சும்மா இருக்கக்கூடாது என்று முன்பைவிட அதிகமாகச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஈடுகட்ட முடியாதது ஒன்று இருக்கிறது: மாற்று ஆள். முன்பெல்லாம் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் தண்ணீர் பாய்ச்சியிருப்பார். ஒருவர் மகள் வீட்டுக்குப் போனால் மற்றவர் காவலுக்கு இருந்திருப்பார். இப்போது மிஞ்சிய அந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன நான்கு நாளும் தோட்டத்துக்கு ஆளே கிடையாது. எந்த கேட் வால்வு எந்த வரிசைக்குப் போகிறது, பாகல் விதை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது போன்ற செய்திகளில் பாதியும் போனவரோடு போய்விட்டிருக்கும்.

ஆகவே தனியாளின் தோட்டத்தை அளக்க ஒரே கேள்வி போதும்: ஒரு வாரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அது தாங்குமா? தாங்காதென்றால் எவ்வளவு உழைப்பும் அதைக் காப்பாற்றாது. தாங்கும்படி மாற்றுவதற்குப் புது இயந்திரம் தேவையில்லை, மண்ணை மூடினால் போதும் என்பது என் வாதம். இயற்கை வேளாண்மைக்காரர்கள் இதை மூடாக்கு என்கிறார்கள். அவர்களில் முன்னோடியான நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூரில், வானகம் என்ற தம் பண்ணையின் வறண்ட மண்ணில், இதைச் செய்து காட்டினார். அவர் 2013-இல் மறைந்தார். அதற்குள் சொல் ஊரெங்கும் பரவிவிட்டது. ஆனால் மூடாக்கைப் பெரும்பாலும் மண்வளத்தின் கணக்கில்தான் பேசுகிறோம். ஆள்கணக்கில் அது என்ன செய்கிறது என்பதைப் போதிய அளவு பேசியதில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். நம் கோடையில் திறந்து வைத்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆவியாவது வழக்கம். அப்போதுதான் பாய்ச்சிய ஈர மண் நேர் வெயிலில் கிடந்தால் முதல் நாள் ஏறக்குறைய அதே வேகத்தில் நீரை இழக்கிறது. பத்துச் சதுர மீட்டர் வட்டப்பாத்தி என்றால் 60 லிட்டர், ஐந்து குடம். மரம் ஒரு சொட்டும் குடிக்காமலே வானத்துக்குப் போன தண்ணீர் அது. மேல்மண் காய்ந்த பிறகு இழப்பு குறையும், ஆனால் அதற்குள் நாம் மறுபடி பாய்ச்சிவிடுவோம். சித்திரை வெயிலில் வெற்றுத்தரையின் மேற்பரப்புச் சூடு 50 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் மேலாக ஓடும் ஊட்டுவேர்கள் கருகுகின்றன. பத்து சென்டிமீட்டர் சருகு இந்த இரண்டையும் தடுக்கிறது. வெயில் மண்ணைத் தொடுவதில்லை. ஈரக்காற்று சருகுக்கு அடியிலேயே தங்கிவிடுவதால் மேலும் ஆவியாகும் வேகமும் தணிகிறது. பாய்ச்சும் இடைவெளி நீளுகிறது. தண்ணீர் மிச்சம் என்று இதைச் சொல்வார்கள். தனியாளுக்கு இது நாள் மிச்சம்.

அடுத்தது களை. பார்த்தீனியம் போன்ற பல களைகளின் விதை மிகச் சிறியது. பல சிறு விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். இருட்டில் முளைத்துவிட்டாலும், சருகைத் தாண்டி மேலே வருவதற்குள் கையிருப்பு மாவு தீர்ந்துபோகும். சருகு போட்ட இடத்தில் களை குறைவதற்கு இதுதான் காரணம். கொத்திவிடுவதோ எதிர்வேலை செய்கிறது: ஆழத்தில் உறங்கிய விதைகளை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. களையெடுக்கக் கொத்துகிறோம், கொத்துவதால் அடுத்த களை வருகிறது. கோரைக்கும் அருகுக்கும் மட்டும் இந்த வைத்தியம் முழுதாகப் பலிக்காது. கிழங்கிலும் தண்டிலும் சேமிப்பு இருப்பதால் சருகைத் துளைத்துக்கொண்டு வரும். அங்கே சருகுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் கொஞ்சம் அடங்கும், மீதியைக் கையால்தான் பிடுங்க வேண்டும். அதையும் நனைந்த, இளகிய மண்ணிலிருந்து பிடுங்குவது அறுபத்தைந்து வயது முதுகுக்குச் சின்ன சலுகை இல்லை.

கொத்தாமல் விட்டால் மண் இறுகாதா? இறுகும், வெறுமையாக விட்டால். செம்மண்ணில் மழைத்துளி நேராக அடிக்கும்போது மேலே ஓடு கட்டிக்கொள்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மூடிய மண்ணில் துளியின் அடி சருகின்மேல் விழுகிறது, உழுகிற வேலையை மண்புழு ஏற்கிறது. இதைப் பெரிய அளவில் முதலில் கணக்கிட்டுச் சொன்னவர் சார்லஸ் டார்வின். 1881-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அவர் வெளியிட்ட கடைசிப் புத்தகம் மண்புழுக்களைப் பற்றியது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் மேலே வருகிறது என்பது அவருடைய மதிப்பீடு. புழு இலையை வளைக்குள் இழுக்கும்போது எந்த முனையைப் பிடித்து இழுக்கிறது என்று பார்க்க, காகிதத்தை முக்கோணங்களாக வெட்டிப் போட்டுச் சோதித்த மனிதர் அவர். இங்கிலாந்தின் டன் கணக்கை அப்படியே தஞ்சாவூருக்கு எடுத்துவர முடியாது. நம் கோடையில் வெற்று மண்ணில் புழு ஆழத்துக்குப் போய்ச் சுருண்டுவிடும். மூடாக்கின் அடியில் ஈரமும் தீனியும் இருக்கும்வரை அது மேலேயே நடமாடுகிறது. சம்பளமில்லாத அந்த உழவுக்கு நாம் செய்ய வேண்டியது சருகைக் கொளுத்தாமல் இருப்பதுதான்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ரூத் ஸ்டவுட் என்றொரு பெண்மணி இருந்தார். துப்பறியும் கதை எழுதிய ரெக்ஸ் ஸ்டவுட்டின் அக்கா. ஒவ்வொரு வசந்தத்திலும் உழுகிறவர் வருவார் என்று காத்திருந்து சலித்து, 1944-இல், ஏறக்குறைய அறுபது வயதில், இனி உழப்போவதில்லை என்று முடிவெடுத்தார். தோட்டம் முழுவதையும் வைக்கோல்போன்ற உலர்புல்லால் கனமாக மூடி அதிலேயே காய்கறி பயிரிட்டார். முதுகுவலி இல்லாத தோட்டவேலை பற்றி 1955-இல் அவர் எழுதிய புத்தகம் பெரும் புகழ் பெற்றது. தொண்ணூற்றாறு வயதுவரை வாழ்ந்தார். அவரை மண்வளம் இதற்குள் இழுத்துவரவில்லை, வராத ஆள்தான் இழுத்து வந்தார் என்பதற்காகவே இங்கே சொல்கிறேன். ஆனால் அவர் ஊரில் குளிர். அங்கே ஒரு வருடம் கிடக்கும் புல் நம்மூர் வெப்பத்திலும் கறையானிலும் சில மாதங்களில் காணாமல் போகும்.

இங்கேதான் முதல் நியாயமான எதிர்ப்பு வருகிறது: இத்தனை சருகுக்கு எங்கே போவது? கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சென்ட் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு 4 கன மீட்டர் வேண்டும். முப்பது சென்ட்டையும் மூட 120 கன மீட்டர், அதாவது மணல் லாரிக்காரர் பாஷையில் நாற்பது யூனிட்டுக்கு மேல். எந்தத் தனியாளாலும் முடியாது, முயல்வதும் தவறு. மூட வேண்டியது வேர் இருக்கும் இடத்தை மட்டும். தென்னையின் ஊட்டுவேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் பதினைந்து காய்ந்த மட்டை பரப்பலாம், அல்லது நூறு தேங்காய் உரிமட்டையைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வைக்கலாம், அல்லது பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நார்க்கழிவு போடலாம் என்று பரிந்துரைக்கிறது. பத்துத் தென்னைக்கு இப்படிப் போட்டால் மூடும் பரப்பு இரண்டரை சென்ட்தான். ஒரு தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை என்று வருடத்துக்குப் பன்னிரண்டு மட்டை கழிக்கும். பத்து மரத்துக்கு 120. தேவை 150. குறைகிற முப்பதையும் சீக்கிரம் மட்கிப்போவதையும் உரிமட்டையும் வேலியோரத்துக் கிளைரிசிடியா மரத்தின் தழையும் நிரப்பிவிடும். வாழைக்கு அதன் சொந்தச் சருகும் தார் வெட்டிய மரமுமே போதும். மரங்களுக்கு நடுவே கிடக்கும் மிச்ச இடத்தில் புல் முளைக்கட்டும், ஆளைக் கூப்பிட்டு எப்போதாவது அறுத்துப் போட்டால் போகிறது. கனமான மட்டையை நறுக்க வேண்டியதில்லை, மரம் கழித்த இடத்திலேயே இழுத்துக் கிடத்தினால் போதும்.

காய்ந்த சருகு மண்ணின் தழைச்சத்தை உறிஞ்சி, செடியை மஞ்சளாக்கும் என்பது படித்தவர்களின் எதிர்ப்பு. அதில் உண்மை உண்டு. நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கரிமம் என்ற அளவில் உணவு வேண்டும். வைக்கோலிலும் மட்காத நார்க்கழிவிலும் கரிமம் அதைவிட மிக அதிகம், அதனால் பற்றாக்குறையை மண்ணிலிருந்து எடுக்கின்றன. ஆனால் இது பெருமளவு நடப்பது சருகை மண்ணுக்குள் கொத்திக் கலக்கும்போது. மேலே பரப்பினால் மண்ணும் சருகும் தொடும் மெல்லிய அடுக்கோடு அந்தப் பிடுங்கல் நின்றுவிடுகிறது. தென்னைக்கும் மாவுக்கும் அது தெரியவே தெரியாது. சின்ன கீரைப் பாத்திக்குத் தெரியும், அங்கே கிளைரிசிடியாவின் பச்சைத் தழையோ மட்கிய எருவோ அடியில் போட வேண்டும்.

கறையான் பற்றிக் கிராமத்தார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் அது செத்த பொருளைத் தின்னத்தான் வருகிறது, ஆனால் இளங்கன்றுகளை விட்டுவைக்கும் என்று நம்பக்கூடாது. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சருகு போடுவதும் கன்றைச் சுற்றி வேப்பம் புண்ணாக்கு தூவுவதும் வேண்டும். தென்னை வைத்திருப்பவர்களின் இன்னொரு பயம் காண்டாமிருக வண்டு. அதன் புழு எருக்குழியிலும் மட்கும் மரத்துண்டிலும் ஆழமான, ஈரமான குவியலிலும் வளர்கிறது. பரப்பிய மட்டை அதற்கு வசதியான வீடு இல்லை, மூலையில் குவித்து மறந்த மட்டைதான் ஆபத்து. மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும் ஊர்களில், ஐப்பசி கார்த்திகையில் காய்கறிப் பாத்தியின் சருகை மட்டும் விலக்கிவிடுவது நல்லது. கோழி வளர்த்தால் அது எல்லாவற்றையும் கிளறிப் பாதைக்குக் கொண்டுவந்து போடும். அதற்கு மட்டை தாங்கும், சருகு தாங்காது.

இவற்றில் நான் மிகப் பெரிதாக எடுத்துக்கொள்வது பாம்பைத்தான். கண்ணாடி விரியன் உலர்ந்த சருகின் நிறத்திலேயே படுத்திருக்கும், மிதிக்கிறவரைக்கும் நகராது. தனியாக இருக்கிறவரைக் கடித்தால் கூப்பிட ஆள் இல்லை. அதனால் வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு மூடாக்கே கூடாது. கிணற்றுக்கும் மோட்டார் அறைக்கும் போகிற பாதை மூன்றடி அகலத்தில் பெருக்கிச் சுத்தமாக இருக்க வேண்டும். மூடாக்குக்குள் கை விடும் முன்பு குச்சியால் தட்ட வேண்டும், காலில் கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் வேண்டும், இருட்டிய பிறகு போகவே வேண்டாம். செல்போன் சட்டைப்பையிலோ இடுப்புச் சுருக்குப்பையிலோ இருக்க வேண்டும். கடி விழுந்தால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிட்டு, அதிகம் நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பாய்ச்சப் போவதை ஒரு நாளாகக் குறைத்தால் இருட்டில் மோட்டார் போடப்போகும் நடையும் குறைகிறது என்பதையும் இந்தத் தராசில் வைக்க வேண்டும்.

சொட்டுநீர் போட்டுவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று மகன்கள் கேட்பார்கள். சொட்டுநீர் நல்ல கருவிதான், 1960-களில் இஸ்ரேலில் வணிகத்துக்கு வந்ததிலிருந்து பல வறண்ட நிலங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் போர்வெல் உப்பு துளையை அடைக்கும், எலியும் அணிலும் குழாயைக் கடிக்கும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஒரு துளை அடைத்தால் வெற்று மண்ணில் உள்ள செடி இரண்டு மூன்று நாளில் வாடும். மூடாக்கில் உள்ளது கவனிக்கிறவரைக்கும் காத்திருக்கும். இரண்டும் சேர்ந்திருக்கலாம், சேரும்போது சொட்டும் முனை கண்ணுக்குத் தெரியும்படி சருகை விலக்கி வைத்தால் சரி. பிளாஸ்டிக் தாள் மூடாக்கு மிளகாய் வயலுக்கு ஏற்றது. கொல்லையில் அது இரண்டு வருடத்தில் கிழிந்து, பொறுக்குகிற வேலையாக மாறும்.

கடைசியாக ஊர்வாய். நம் ஊர்களில் பெருக்கிய கொல்லைதான் கவனிப்பின் அடையாளம். விடிந்ததும் சாயங்காலமும் கூட்டிக் கொளுத்துவதே வழக்கம். சருகு கிடந்தால் ‘அவர் போனதும் தோட்டம் பாழாப் போச்சு’ என்று சொல்லத்தான் செய்வார்கள், தனியாக இருப்பவர் காதில் அது சுருக்கென்று விழும். சிலருக்கு அதைவிட, போனவர் வைத்த ஒழுங்கை மாற்றுகிறோமே என்ற உறுத்தல் உண்டு. முதலாவதற்குச் செங்கல் போதும்: மூடாக்கின் ஓரத்தில் ஒரு வரிசை செங்கலோ கவிழ்த்த உரிமட்டையோ வட்டமாகப் பதித்தால், சருகு வேண்டுமென்றே போட்டது என்று தெருவுக்கே புரிகிறது. இரண்டாவதற்கு அறிவியலில் பதில் கிடையாது. அவர் வாசலில் வைத்த ஒரு பாத்தியைப் பழையபடியே கொத்தி, பெருக்கி, தினம் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை. பாரம் குறைந்த தோட்டத்தில் அந்த ஒரு பாத்திக்கு நேரம் கிடைக்கும். முடியாத நாளில் அது வாடினாலும் மற்றவை நிற்கும்.

தொடங்க ஏற்ற காலம் மார்கழி, தை. வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் ஆழம்வரை நனைந்திருக்கும்போது மூடினால்தான் அந்த ஈரம் பூட்டப்படும். பங்குனியில் காய்ந்த மண்ணை மூடினால் கோடை மழையின் சிறு தூறல் சருகோடு நின்றுவிடும். முதல் வருடம் கிணற்றிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் மூன்று மரங்களை மட்டும் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் தண்ணீர் சுமப்பதோ மடை திருப்புவதோ அங்கேதான் அதிக நடை. ஆடிப்பட்டத்தில் வேலியோரம் கிளைரிசிடியாக் குச்சிகளை ஊன்றி, மார்பு உயரத்துக்கு மேல் போகவிடாமல் வெட்டிக்கொண்டே வந்தால், ஏணி இல்லாமல் நின்றபடியே தழை ஒடிக்கலாம்.