மாடல் விமானத்தில் 1/72 கணக்கு எதற்கு? - ஒரு போர்க்காலப் பின்னணி

ஸ்பிட்ஃபயர் மாடல் கிட் வாங்கினால், பெட்டியில் ‘1/72’ என்று இருக்கும். அது என்ன கணக்கு?

சிம்பிள்தான். 6 அடி என்றால் 72 அங்குலம். அதனால் 6 அடி உயர விமானி, மாடலில் ஒரே அங்குலம். இறக்கையின் 11.23 மீட்டர் அகலம், 15.6 செ.மீ. ஆகிவிடும்.

இதே அளவில்தான் 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மாடல்கள் கேட்டது. மரத்தில் செதுக்கி, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்.

ஏன் கறுப்பு? தூரத்து வானத்தில் நிறம் தெரியாது, உருவம்தான் தெரியும். 10 மீட்டர் தள்ளி வைத்த மாடல், 720 மீட்டர் தொலைவில் பறக்கும் நிஜ விமானம் அளவுக்கே கண்ணில் படும். வருவது நம்மாளா, எதிரியா? தப்பாகச் சுட்டால் போவது சொந்தப் படை வீரரின் உயிர். அதைத் தவிர்க்கத்தான் இந்த மாடல்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

இன்றைக்கு கிட் ஒட்டுபவர்களுக்கும் இதில் ஒரு டிப்ஸ் இருக்கு. நிறம் லேசாக மாறினால் பெரிதாகத் தெரியாது. இறக்கை கோணினால் விமானமே வேறாகிவிடும். எனவே பசை காய்வதற்குள், மாடலை நேர் முன்னாலிருந்து பாருங்க. இரண்டு இறக்கையும் ஒரே அளவு உயர்ந்திருக்கிறதா? அப்புறம் பெயின்ட்டைத் திறங்க!